புதுப்பிப்பு: எக்ஸ்எம்எல் கோப்புகளை எச்டிஎம்எல் ஆக்கும் இலவசக் கருவிகள்

இலங்கையின் ஹட்டனில் நாங்கள் தொகுத்துவரும் தோட்டப்புறப் பாடல்கள், உரையின் பகுதிகளைக் குறிச்சொற்களால் அடையாளமிடும் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருப்பதையும், அவற்றை இணைய உலாவியில் திறக்கும் எச்டிஎம்எல் பக்கங்களாக்க இலவசக் கருவி தேடுவதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பதிலளித்த நண்பர்களுக்கு நன்றி, வேலை முடிந்துவிட்டது.

கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பான்டாக் அருமையான கருவிதான், ஆனால் எக்ஸ்எம்எல்லில் அது டாக்புக், ஜாட்ஸ் போன்ற, தனக்கு முன்பே தெரிந்த குறிச்சொல் வடிவங்களையே வாசிக்கும். எங்கள் கோப்புகளின் குறிச்சொற்களோ நாங்களே வகுத்தவை. ஆகவே எந்தக் குறிச்சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும் விதிகளை எக்ஸ்எஸ்எல்டி மொழியில் ஒரு நடைதாளாக எழுதி, அதை 'எக்ஸ்எஸ்எல்டிப்ராக்' என்ற இலவசக் கருவியில் இயக்கினேன். சிறிய கருவி, இணைய இணைப்பும் வேண்டாம்; மழைக்காலத்தில் இங்கு அது பெரிய ஆறுதல்.

முதல் முயற்சியில் தமிழ் எழுத்துகள் யாவும் எண் குறியீடுகளாக வெளிவந்தன. உலாவியில் சரியாகத் தெரிந்தாலும், கோப்பைத் திறந்து ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியவில்லை. நடைதாளின் வெளியீட்டுக் கட்டளையில் குறியாக்கத்தை, தமிழ் எழுத்துகளை நேரடியாகவே சேமிக்கும் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டதும் அது சீரானது.

பாடல்களைத் தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிக்கும் பாட்டு என வகைப்படுத்துவதுதான் கடினமாக இருந்தது. 1999இல் வெளியான எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பையே எக்ஸ்எஸ்எல்டிப்ராக் அறியும். ஒரே வகையானவற்றைக் குழுவாக்கும் கட்டளையோ 2007இன் 2.0 பதிப்பில்தான் வந்தது. எனவே அப்பகுதிக்கு மட்டும், அக்கட்டளையை அறிந்த, ஜாவாவில் இயங்கும் சாக்சன்-எச்இ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தினேன். நடைதாளைக் கேட்பவர்களுக்கு மகிழ்ச்சியோடு அனுப்புகிறேன்.