பொருள்: "எஜுஸ்டெம் ஜெனரிஸ்" விதிக்குத் தமிழ்ச்சொல் (வியாழனுக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர், கொக்குவில்:

எல்லாருக்கும் வணக்கம். பிரதேச சபை உத்தியோகத்தர்களுக்குச் சட்டம் வாசிக்கப் பழக்கும் வகுப்புக்காக ஒரு கைந்நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். நியதிச்சட்டம், கட்டளைச்சட்டம், உபவிதி, பொருள்கோடல் (சட்ட வாசகத்துக்குப் பொருள் காணுதல்) எல்லாம் இலங்கையில் எங்களிடம் புழக்கத்தில் இருப்பதால் அவற்றில் சிக்கல் இல்லை. முட்டுப்பட்டு நிற்பது "எஜுஸ்டெம் ஜெனரிஸ்" என்ற இலத்தீன் தொடரில்தான்.

ஒரு பிரிவு குறித்த சில பொருட்களை அடுக்கிச் சொல்லிவிட்டுக் கடைசியில் "ஏனையவை" என்று பொதுச்சொல்லால் முடித்தால், அந்தப் பொதுச்சொல் முன்னே சொன்னவற்றின் வகைக்குள் அடங்குவதை மட்டுமே குறிக்கும் என்பது விதி. "மாடு, எருமை, ஆடு, ஏனைய விலங்குகள் எதையும் சந்தை வளவுக்குள் கட்டக்கூடாது" என்று ஓர் உபவிதி இருந்தால், பூனையைக் கூடையில் கொண்டுவந்தவருக்குத் தண்டம் அடிக்க முடியாது. கைந்நூலில் உள்ள வழக்கு 1899இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்தது. 1853ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் "வீடு, அலுவலகம், அறை அல்லது வேறு இடம்" என்றது. கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் அடைத்து விட்டிருந்த திறந்தவெளி "வேறு இடம்" ஆகாது என்று தீர்ப்பு, ஏனென்றால் முன்னே சொன்ன மூன்றும் கூரைக்குக் கீழே உள்ளவை.

இப்போதைக்கு "ஓரின விதி" என்று போட்டிருக்கிறேன். திருப்தியில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:

தங்கச்சி, புதிதாகத் தேடவே வேண்டாம். பவணந்தியார் நன்னூலில் சொல்லிவிட்டார்: "ஒருமொழி ஒழிதன் இனங்கொளற் குரித்தே." ஒன்றைச் சொன்னால், சொல்லாமல் ஒழிந்த அதன் இனத்தையும் கொள்ளலாம். அவர் நூலுக்குச் சொன்ன முப்பத்திரண்டு உத்திகளிலும் "ஒன்றின முடித்தல் தன்னின முடித்தல்" என்று ஒன்று இருக்கிறது. உரையாசிரியர்கள் "இனம்பற்றிக் கொள்க" என்று எழுதாத பக்கம் உண்டா? ஆகவே "இனங்கோடல்". பொருள்கோடலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அண்ணன் தம்பி போல இருக்கும்.

இனம் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். இணை, இணங்கு, இணர் எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. இணர் என்றால் பூங்கொத்து. ஒரு காம்பில் சேர்ந்து பூப்பவைதான் ஓரினம். இலத்தீன்காரன் "ஜெனரிஸ்" என்று பிறப்பை வைத்துச் சொன்னதை நாங்கள் சேர்க்கையை வைத்துச் சொல்கிறோம். சட்டத்துக்கு எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சட்டத்தரணி, யாழ் நகர்:

ஐயா, சூத்திரம் அழகானது. ஆனால் அது போகும் திசை வேறு, இந்த விதி போகும் திசை வேறு. நன்னூல் சொல்வது விரித்தல். உரைகாரர் காட்டும் "நஞ்சுண்டான் சாம்" உதாரணத்தையே எடுங்கள். ஆண்பாலில் சொன்னாலும் நஞ்சுண்டவள் பிழைத்துக்கொள்வாள் என்று பொருள் இல்லை, அவளையும் சேர்த்தே கொள்ளவேண்டும். இதற்கு நேரான ஏற்பாடு எங்கள் சட்டத்திலேயே உண்டு. 1901ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பொருள்கோடல் கட்டளைச்சட்டம், ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்கிறது. உங்கள் "இனங்கோடல்" அந்த ஏற்பாட்டுக்கு அச்சொட்டாகப் பொருந்தும்.

தங்கச்சி கேட்கும் விதியோ சுருக்கல். "ஏனைய விலங்குகள்" என்பதை அப்படியே விட்டால் யானை முதல் எறும்பு வரை எல்லாம் வரும். முன்னே நிற்கும் மாடும் எருமையும் ஆடும்தான் அதைப் பிடித்து இழுத்து ஓர் எல்லைக்குள் நிறுத்துகின்றன. "கோடல்" என்று பெயர் வைத்தால், வகுப்பில் இருப்பவர் இன்னும் நாலு பொருளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார். பிறகு அப்படியே அறிவித்தலும் அனுப்புவார். தண்டம் கட்டப்போவது சனம்.

கணினித் தமிழ் ஆர்வலர், சென்னை:

இரண்டு நாட்டுக்கும் பொதுவான சொல்லாக இருந்தால் நல்லது. ஏற்கெனவே நீங்கள் உயர் நீதிமன்றம் என்பது எங்களுக்கு உச்ச நீதிமன்றம். எங்கள் உயர் நீதிமன்றம் உங்களுக்கு மேல் நீதிமன்றம். இலங்கைத் தீர்ப்புச் செய்தியைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. புதிய சொல்லிலாவது இந்த வில்லங்கம் வேண்டாம்.

பிரதேச சபை எழுதுவினைஞர், சாவகச்சேரி:

நான் இலக்கணம் கதைக்க வரவில்லை. இந்தக் கைந்நூலை வாசிக்கப்போகிறவர்களில் நானும் ஒருத்தி, அதனால் எழுதுகிறேன். "இன விதி", "ஓரினம்" என்று தலைப்பைக் கண்டால் எங்கள் கந்தோரில் யாருக்கும் மாடும் ஆடும் ஞாபகம் வராது. எங்கள் ஊரில் இனம் என்ற சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "வகை" என்ற சொல் இருக்கிறதே, அதை வைத்தால் என்ன?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:

பிள்ளை சொல்வது விளங்குகிறது. ஆனாலும் அரசியல் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது என்பதற்காக இலக்கணம் அதை விட்டுக்கொடுப்பதா? இன எழுத்து, இன எதுகை, இனமுள்ள அடை, இனமில்லா அடை என்று நாற்பது வருடம் படிப்பித்தேன். எந்த மாணவனும் பிழையாக விளங்கவில்லை. சுருக்கல்தான் முக்கியம் என்றால் "இனவடக்கம்" என்று வைக்கலாம்.

சட்டத்தரணி குறை சொன்ன "கோடல்" பற்றியும் ஒரு வார்த்தை. கொள் என்பதன் வழி வரும் கோடல் ஏற்றல். கோடு என்பதன் வழி வரும் கோடல் வளைதல். வள்ளுவர் நடுவுநிலைமையில் சொன்ன "கோடாமை" இரண்டாவதன் எதிர்மறை. வெண்காந்தளுக்கும் கோடல் என்று பெயர். ஆகவே பொருள்கோடல் என்பதைப் பொருளை வளைத்தல் என்றும் பிரிக்க இடமுண்டு. நீதிபதி செய்யக்கூடாத காரியம் அவர் செய்யவேண்டிய காரியத்தின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இதைக் கைந்நூலின் முன்னுரையில் சேர்த்தால் சிறப்பாக இருக்கும்.

பிரதேச சபை எழுதுவினைஞர், சாவகச்சேரி:

ஐயா, கோபிக்கவேண்டாம். "இனவடக்கம்" முந்தியதை விட மோசம். அதை வெளியே சொல்லவே முடியாது.

சட்டத்தரணி, யாழ் நகர்:

பிள்ளை சொல்வதோடு நான் முழுக்க உடன்படுகிறேன். சனத்தின் வாயில் இருக்கும் சொல்லுக்குச் சட்டத்தில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையே சாட்சி. 1706இல் ஒல்லாந்தர் காலத்துத் திசாவை (மாகாண நிர்வாகி) கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்தார். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து விவாக உரிமை, வழியுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் "தேடியதேட்டம்" அப்படியே நிற்கிறது. கலியாணம் கட்டிய பிறகு தேடியது தேட்டம் என்று கிழவிகள் சொன்ன சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஈடு கிடைக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். 1947இல் அதன் வரைவிலக்கணத்தை மாற்றியபோதும் சொல்லைத் தொடவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். எங்கள் சட்டங்கள் பலவற்றின் கடைசிப் பிரிவு, சிங்கள உரையும் தமிழ் உரையும் ஒவ்வாவிட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்கிறது. தமிழில் மட்டும் வாசிப்பவர் ஏற்கெனவே ஒரு படி கீழே நிற்கிறார். அவர் கையில் கொடுக்கும் கைந்நூலிலாவது சொல் தெளிவாக இருக்கவேண்டும். என் வாக்கு "ஒத்தவகை விதி"க்கு. இலத்தீனின் நேர்ப்பொருளும் அதுதான்.

நூலகர், பருத்தித்துறை:

"ஒத்தவகை" சரி. ஆனால் முன்னே நிற்பது பின்னே வருவதைக் கட்டுப்படுத்துகிறது என்பது அதில் இல்லை. "முன்வகை விதி" என்றால் அது வந்துவிடும். "வகையடக்கம்" என்றாலும் நல்லது. பக்கத்துச் சொல்லைக் கொண்டு பொருள் காணும் "நொஸ்கிட்டுர் அ சோஸியிஸ்" என்ற விதியும் அடுத்த அத்தியாயத்தில் வருமே, அதற்கும் இப்போதே ஒரு பெயர் யோசித்தால் இரண்டும் மயங்காது.

மொழிபெயர்ப்பாளர், கொக்குவில்:

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்தில் இருந்து இரண்டு தரம் அழைத்துவிட்டார்கள். "ஒத்தவகை விதி" என்று போடுகிறேன். பதில் எழுதிய பெரும்பாலானோர் அதற்கு அல்லது வகை என்ற சொல்லுக்குச் சாய்ந்திருக்கிறார்கள். தலைப்புக்குக் கீழே, "முன் அடுக்கிய பொருட்களின் வகை, பின் வரும் பொதுச்சொல்லைக் கட்டுப்படுத்தும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பருத்தித்துறை அக்காவின் குறை அதில் ஓரளவு தீரும். ஆண்பால் பெண்பால் ஏற்பாட்டை விளக்கும் பக்கத்தில் நன்னூல் சூத்திரத்தைப் போட்டுவிட்டேன், ஐயா. "இனங்கோடல்" என்ற சொல்லும் அங்கேதான் வருகிறது. நொஸ்கிட்டுர் இந்தப் பதிப்பில் தமிழ் எழுத்தில் இலத்தீனாகவே போகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:

சூத்திரத்தைச் சேர்த்ததற்குச் சந்தோசம். "ஒத்தவகை"யை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிந்துகொள்ளுங்கள். வகை என்பது பகுப்பு, இனம் என்பது உறவு. இரண்டாம் பதிப்புக்கு முன் விரிவாக எழுதுகிறேன்.