புதுப்பிப்பு: எடைக்குறைப்பு அறுவைக்கு முன் பீடியை விட்ட அண்ணன்

குடியாத்தத்தில் இருக்கும் அண்ணனுக்கு எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை. பீடியை விட்டால்தான் தேதி தருவார்களாம், என்ன வழி என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. விட்டுவிட்டார், இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் அறுவை) நல்லபடியாக முடிந்தது.

பலித்தது, டீக்கடைப் பக்கமே போகவிடாதீர்கள் என்ற யோசனைதான். டீ கிளாஸ் ஒரு கைக்கு வந்தாலே மறு கை சட்டைப்பையைத் துழாவும் ஆள் அவர். இப்போது வீட்டு மோர்தான். பீடிக்குப் பதில் கிராம்பு மெல்லும் யோசனை எடுபடவில்லை.

எதிர்பாராதது ஒன்று: நிகோடின் சூயிங்கம் மென்றதால் சிறுநீரில் கோட்டினின் (நிகோடின் உடலுக்குள் போய் மாறும் பொருள்) பார்க்கும் பரிசோதனையில் புகைப்பவர் போலவே முடிவு வந்தது. மெல்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் சோதனையை சூயிங்கம் பாதிக்காது. அண்ணன் அதில் தேறினார்.

கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. புகை தையலை ஆறவிடாது. பைபாஸ் இணைப்பில் புண் வரவழைக்கும். அந்தப் புண் பல மாதங்கள் கழித்தும் வரலாம் என்பதால், இனியும் பீடி கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.