‘சந்திரமுகி’யில் பொம்மையை எரித்தது புனிதத் தீயா?

கரிசல்:
நெய்விளக்கு நேற்று ஒரு பதிவு போட்டிருந்தார். பேய்ப்படத்தில் தீ வந்தாலே அது அக்னி பகவான்தான், தீமையை எரித்துச் சுத்தப்படுத்த வருகிறார் என்பது அவர் கட்சி. அதற்குச் சாட்சி ‘சந்திரமுகி’ கிளைமாக்ஸாம். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. முன்கதையில் நடனக்காரி சந்திரமுகியை உயிரோடு எரித்துக் கொன்றவன் வேட்டையன் என்ற ராஜா. கடைசியில், தன்னைச் சந்திரமுகி என்றே நினைக்கும் கங்கா கையில் பந்தத்தைக் கொடுத்து வேட்டையன் பொம்மையைக் கொளுத்த விடுகிறார்கள். அவன் செய்ததை அவனுக்கே திருப்பிச் செய்கிறாள். பச்சையான பழிவாங்கல். இதில் புனிதம் எங்கே வந்தது?

நெய்விளக்கு:
பந்தம் தெரிந்த உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் மந்திரவாதி ஆச்சார்யா தெரியவில்லையா? அவர் ஊதிவிடும் சாம்பலும் புகையும்தான் கங்கா கண்ணை மறைக்கிறது. அந்த இடைவெளியில்தான் பலகை புரண்டு, வேட்டையனாக இருந்த சரவணன் தப்பிக்கிறான், அவன் இடத்துக்குப் பொம்மை வருகிறது. பூஜை நடக்கும் இடத்தில் எரியும் நெருப்பு வேள்வித் தீதான். அக்னியைத் தேவர்களின் வாய் என்று சும்மா சொல்லவில்லை. அதில் போட்டது சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். அவள் கோபமும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

கரிசல்:
பலகையைப் புரட்டும் யோசனை மனநல மருத்துவரான சரவணனுடையது. ஆச்சார்யா அதற்கு ஒத்துழைக்கிறார், அவ்வளவுதான். சரி, மூலப் படத்துக்கு வாருங்கள். 1993இல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’. அதிலும் மந்திரவாதி உண்டு, புகை உண்டு, புரளும் பலகை உண்டு. ஆனால் கங்கா கையில் இருப்பது வாள். பொம்மையை வெட்டுகிறாள், குணமாகிறாள். வாளாலேயே காரியம் முடிந்துவிட்டதே! தமிழில் முன்கதையில் அவளை எரித்தார்கள், அதனால் பந்தம் வந்தது. பந்தத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

கொட்டகைக்காரர்:
எதை எடுத்தாலும் மலையாளப் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவதே சிலருக்குப் பிழைப்பு. 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ வந்ததே, அதை எடுத்தவரும் பி. வாசுதானே? அதை ஏன் பேசவில்லை? ‘சந்திரமுகி’யில் கங்காவாக ஜோதிகா கண்ணை உருட்டினால் அரங்கமே அலறியது. அதைப் பேச இங்கே ஒருவருக்கும் மனசு வரவில்லை.

கரிசல்:
அண்ணே, ஜோதிகா நடிப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கேள்வி பந்தத்தைப் பற்றி.

மலர்விழி:
புனிதத் தீ என்றாலே நல்லது என்பதும் தவறுதான். 2024இல் வந்த மலையாளப் படம் ‘பிரமயுக’த்தில் மம்மூட்டியின் மனையில் ஒரு விளக்கு அணையாமல் எரிகிறது. சாத்தன் என்ற பேயின் உயிரே அதில்தான் இருக்கிறது. தப்பிக்க வேண்டுமென்றால் அதை அணைக்க வேண்டும். அங்கே விளக்குதான் பேய்க்குக் காவல்! ‘தும்பாட்’ என்ற இந்திப் படத்தில் பாட்டியின் உடம்பில் மரமே முளைத்துவிட்டது, சாவு மட்டும் வரவில்லை. அவளைக் கொளுத்துவது இரக்கம். மந்திரமும் இல்லை, குண்டமும் இல்லை.

நெய்விளக்கு:
மலர்விழி மேடம், ஒன்றிரண்டு படத்தை வைத்து மரபைத் தூக்கி எறிய முடியாது. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்தது என்ன? அதுவும் பழிவாங்கல்தான். அக்னி தேவனே கண்ணகி முன் வந்து நின்று, யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறான். பழியும் தெய்வமும் ஒரே தீயில் நிற்பது நம் ஊருக்குப் புதிதா? கரிசலுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே மறைக்கிறார். தீமிதி பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் பாதியில் காணாமல் போனார்.

கரிசல்:
நான் எங்கும் காணாமல் போகவில்லை. நீங்கள் பதில் போடவில்லை, பழைய பதிவுகள் அப்படியே கிடக்கின்றன, போய்ப் பாருங்கள்.

கண்ணகிக்கு வருகிறேன். முதியவர், குழந்தை, பசு, பத்தினி எல்லாரையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்கிறாள். அந்தத் தீக்கு ஒரு வரம்பு இருந்தது. தீமிதியை நீங்களே இழுத்ததால் அதையும் சொல்கிறேன். திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் துணியோடு வருபவர்தான் குழியில் இறங்குகிறார். விறகு எரிந்து அடங்கியதும் நீளக் கழியால் தணலைத் தட்டித் தட்டிச் சமமாக்குவார்கள். பக்கத்தில் நின்றால் முகம் காந்தும். முதலில் கரகம் இறங்கும், அப்புறம்தான் மற்றவர்கள். இத்தனை முறை இருப்பதால்தான் அதைப் பூக்குழி என்று கும்பிடுகிறோம். பந்தத்துக்கு என்ன விரதம்? என்ன காப்பு?

கொட்டகைக்காரர்:
இப்போது கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டீர்கள். நான் கேட்ட ‘ஆப்தமித்ரா’ என்ன ஆயிற்று?

மலர்விழி:
இரண்டு பேருமே எரிந்தவளை மறந்துவிட்டீர்கள். நம் பேய்ப்படங்களில் எத்தனை பேய்கள் எரிக்கப்பட்ட பெண்கள்! 1987இல் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் கணவனின் சிதையில் ரூப் கன்வர் எரிந்தபோது அவருக்கு வயது 18. கூட்டம் கூட்டமாகப் போய்க் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சதி என்ற உடன்கட்டை ஏறுதலைப் போற்றுவதும் குற்றம் என்று தனிச் சட்டம் வந்தது. அந்தத் தீயையும் புனிதம் என்றுதான் சொன்னார்கள், நெய்விளக்கு சார்.

நெய்விளக்கு:
படத்தைப் பேசும்போது சதியை ஏன் இழுக்கிறீர்கள்? நம்பிக்கை உள்ளவனை மூலையில் தள்ளப் பார்க்கிறீர்கள். ஆச்சார்யா இல்லாமல் அந்தக் காட்சியே இல்லை. சாம்பல் எங்கிருந்து வரும்? நெருப்பிலிருந்துதானே? நான் சொன்னது சொன்னதுதான்.

கரிசல்:
மலர்விழி சொன்னதைத் தாண்டிக் குதித்துவிட்டு மறுபடி சாம்பலா? சந்திரமுகிக்கு வேட்டையன் வைத்ததும் நெருப்புதான், அதிலும் சாம்பல் வந்திருக்கும். அதையும் விபூதி என்று பூசிக்கொள்வீர்களா? பந்தம் கங்கா கையில் இருந்தது, ஆச்சார்யா கையில் இல்லை. எரித்தவள் அவள்.

நெய்விளக்கு:
கொடுக்கச் சொன்னது யார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கரிசல்:
டாக்டர்.

கொட்டகைக்காரர்:
டாக்டர் இல்லை, ரஜினி. எங்கள் ஆளை ஒழுங்காகப் பெயர் சொல்லிப் பேசுங்கள்.