டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்த பின் விற்கும் கலிபோர்னியா வீடு: மாநில வருமான வரி உண்டா?

கேள்வி:

வணக்கம். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் 2013-இல் நானும் என் மனைவியும் 8 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டில் பத்தாண்டுகள் குடியிருந்தோம். 2023 ஜூனில் வேலை மாற்றலாகி ஆஸ்டினுக்கு வந்ததிலிருந்து அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இப்போது 15.6 லட்சத்துக்கு விலை பேசி முடித்தாகிவிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில் கிரயம். நாங்கள் வெளிமாநிலத்தவர் என்பதாலும் வீட்டில் வாடகைதாரர் இருப்பதாலும் 52,000 டாலரைக் கலிபோர்னியா வரிக்காகப் பிடித்துக்கொள்வோம் என்கிறார்கள் எஸ்க்ரோ அலுவலகத்தார் (விற்பனைப் பணத்தை நடுவில் வைத்திருந்து கைமாற்றுபவர்கள்). டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லாதபோது இது முறைதானா? மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நம்பியிருந்த பணம் என்பதால் கவலையாக இருக்கிறது.

பதில் 1:

வணக்கம். நீங்கள் எங்கே வசித்தாலும், நிலமும் வீடும் எந்த மாநிலத்தில் இருக்கின்றனவோ அந்த மாநிலத்துக்கே அவற்றின் விற்பனை ஆதாயத்தில் வரி விதிக்கும் உரிமை உண்டு. ஆகவே டெக்சாஸ் முகவரி இதில் உங்களைக் காப்பாற்றாது. ஆனால் பிடித்தம் வேறு, வரி வேறு. விற்பனை விலையில் 3⅓ சதவீதம் என்ற கணக்கில்தான் அந்த 52,000 வருகிறது. அது முன்பணமே தவிர இறுதி வரி அன்று.

விற்பனைக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இரண்டாண்டுகளாவது அந்த வீடு உங்களுக்குச் சொந்தமாகவும் முதன்மைக் குடியிருப்பாகவும் இருந்திருந்தால், இந்தப் பிடித்தத்துக்கான கலிபோர்னியாவின் படிவம் 593-இல், பிடித்தத்திலிருந்து விலக்கைக் குறித்துக் கையொப்பமிடலாம். 2020 செப்டம்பரிலிருந்து 2023 ஜூன் வரை நீங்கள் அங்கேயே குடியிருந்திருப்பதால் தகுதி தெளிவாக இருக்கிறது. இடையில் வாடகைக்கு விட்டது அதைக் கெடுக்காது. பொய்யாகச் சான்றளித்தால் தண்டனைக்குரியது என்ற உறுதிமொழியோடு நீங்களே இடும் கையொப்பம் அது. கிரயம் முடிவதற்கு முன்பே படிவம் எஸ்க்ரோ அலுவலகத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பிடித்துவிட்டால், அடுத்த ஆண்டு 540NR (வெளிமாநிலத்தவருக்கான கலிபோர்னியா வருமான வரிப் படிவம்) தாக்கல் செய்துதான் மிகுதியைத் திரும்பப் பெற முடியும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. அப்படியானால் கலிபோர்னியாவுக்கு வரியே இராதா? சமையலறையையும் கூரையையும் புதுப்பிக்க 60,000 செலவழித்தோம். தரகும் மற்ற விற்பனைச் செலவும் 80,000 ஆகும். வாடகைக் காலத்தில், கட்டடம் பழசாவதற்காக வரிக்கணக்கில் அனுமதிக்கப்படும் தேய்மானமாக 40,000 கழித்திருக்கிறோம்.

பதில் 2:

கொஞ்சம் இருக்கும். 15.6 லட்சத்தில் விற்பனைச் செலவு போக 14.8 லட்சம். வாங்கிய விலையோடு புதுப்பித்த செலவைச் சேர்த்து, தேய்மானத்தைக் கழித்தால் அடக்கவிலை 8.2 லட்சம். ஆதாயம் 6.6 லட்சம். குடியிருந்த வீட்டை விற்கும்போது, கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு 5 லட்சம் வரையிலான ஆதாயத்துக்கு மத்திய அரசு தரும் வரிவிலக்கைக் கலிபோர்னியாவும் ஏற்கிறது. ஆனால் தேய்மானமாகக் கழித்த 40,000-க்கு அந்த விலக்கு இல்லை. மீதி 6.2 லட்சத்தில் 5 லட்சம் போக 1.2 லட்சம். ஆக 1.6 லட்சம் டாலருக்கு வரி.

நீண்டகால ஆதாயத்துக்கு மத்திய அரசில் உள்ள குறைந்த விகிதம் கலிபோர்னியாவில் கிடையாது. சம்பளத்தைப் போலவே பார்ப்பார்கள். பலரும் தவறவிடுவது இன்னொன்று: ஆஸ்டின் சம்பளத்துக்குக் கலிபோர்னியா வரி கேட்காது, ஆனால் அந்தச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் உங்கள் வரி விகிதத்தைக் கணக்கிடும். மொத்த வருமானம் 9.3 சதவீத அடுக்கைத் தாண்டாதவரை, வரி 15,000-க்குள்ளேயே அடங்கும்.

எனவே படிவம் 593-இல் பிடித்த விலக்கைக் கோரிவிட்டு, உத்தேச வரியை 2026 ஜனவரி 15-க்குள் 540-ES என்ற முன்கூட்டி வரி கட்டும் படிவம் வழியாகக் கட்டிவிடுங்கள். சமையலறை, கூரை வேலைகளுக்கான ரசீதுகளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். அந்த 60,000-க்கு ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டியவை அவைதான்.