ஜனவரியில் கையேந்தும் பயத்லான் வீரர்கள்: அரசு சம்பளம் தர வேண்டுமா, வேண்டாமா?

மியூனிக் மணி:
ஜனவரி வந்தால் போதும், அமெரிக்க, கனடிய பயத்லான் (பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி) வீரர்களில் யாராவது ஒருவர் நிதி திரட்டும் பக்கம் திறந்திருப்பார். உலகக் கோப்பை நவம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை ஓடுகிறது, ஏறக்குறைய முழுவதும் ஐரோப்பாவில். பருவம் பாதி தாண்டும்போதே கையிருப்பு காலி. இங்கே ஜெர்மனியில் அந்தக் கூத்து இல்லை. முன்னணி வீரர்கள் சுங்கத்துறை, ராணுவம், காவல்துறை என்று எங்காவது சம்பளப் பட்டியலில் இருப்பார்கள். இத்தாலியில் டோரோதேயா வியரர் நிதிக் காவல்படையின் அணியில் இருந்தபடிதான் உலகச் சாம்பியன் ஆனார். நம் ஊரில் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகிறதே, அதே ஏற்பாடுதான். அமெரிக்க அரசோ ஒலிம்பிக் அணிக்கு நேரடியாகப் பணம் தருவதே இல்லை. வருடத்துக்கு 700, 800 மணி நேரம் பயிற்சி எடுக்கிற ஆளை உண்டியல் ஏந்த விடுவது நியாயமா?

கல்கரிக்காரன்:
மணி, சம்பளம் கொடுத்தால் பதக்கம் வரும் என்று யார் சொன்னது? அமெரிக்க வீரர் லோவல் பெய்லியைப் பாருங்கள். 2016இல் ஓய்வு பெறும் முடிவில் இருந்தார். மொன்டானாவில் போஸ்மன் பக்கம் உருவாகிக்கொண்டிருந்த கிராஸ்கட் பனிச்சறுக்கு மையம் வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் தொடர்ந்தார். அது தனியார் அமைப்பு, அரசு இல்லை. அடுத்த பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஹோக்ஃபில்சனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், 20 கிலோமீட்டர் தனிநபர் போட்டியில் 20 குண்டுக்கு 20 இலக்கு. செக் வீரர் மொராவெட்சை 3.3 விநாடியில் முந்தினார், பிரெஞ்சு நட்சத்திரம் மார்ட்டின் ஃபூர்காட் மூன்றாவது. பயத்லானில் உலகச் சாம்பியனான முதல் அமெரிக்கர், வயது 35. அதே போட்டித் தொடரில் வெள்ளி வாங்கிய சூசன் டங்க்லி, வெர்மாண்டின் கிராஃப்ட்ஸ்பரி மையத்து ஆள். அங்கே வீரர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் உண்டு, பதிலுக்கு மையத்து வேலைகளைப் பார்க்க வேண்டும். 2020இல் அவர் மறுபடியும் வெள்ளி வாங்கினார். இவர்களுக்கு எந்தச் சுங்கத்துறை படியளந்தது?

மியூனிக் மணி:
விதிவிலக்கைக் காட்டி விதியை மறைக்காதீர்கள். ஒலிம்பிக்கில் பயத்லான் 1960இல் வந்தது. 2022 பெய்ஜிங் வரைக்கும் அமெரிக்காவுக்கு ஒரு வெண்கலம்கூடக் கிடையாது. அந்த பெய்ஜிங்கில் டீட்ரா இர்வின் 15 கிலோமீட்டரில் ஏழாவது வந்தார், அதுவரை அமெரிக்கருக்குக் கிடைத்த சிறந்த ஒலிம்பிக் தனிநபர் இடம் அதுதான். அவர் யார் தெரியுமா? வெர்மாண்ட் தேசியக் காவல்படையில் இருந்தவர். உங்கள் ஊரிலேயே சீருடை போட்டவர்தான் முன்னால் வந்திருக்கிறார்!

கல்கரிக்காரன்:
என் ஊர் கனடா, முதலில் அதைத் திருத்துங்கள். :) இங்கே அரசு மாத உதவித்தொகை தருகிறது, ஆனால் தேர்வானவர்களுக்கு மட்டும். பட்டியலில் பேர் இருக்குமா இருக்காதா என்ற கவலையிலேயே பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விடும். ஜெர்மனி ராணுவத்திலும் இடம் நிரந்தரம் இல்லை, முடிவுகளைப் பார்த்து வருடாவருடம் முடிவு செய்கிறார்கள். சீருடை போட்டால் கவலை தீர்ந்தது என்பது பாதிக் கதை.

மியூனிக் மணி:
வேலை போகும் கவலை வேறு, ஜனவரிக் கவலை வேறு. அதைத்தான் சொல்ல வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்பிரிண்ட் என்கிற குறுந்தூரப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், படுத்து ஐந்து குண்டு, நின்று ஐந்து குண்டு. ஒவ்வொரு தவறுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று, ஏறத்தாழ 25 விநாடி போய்விடும். முதல் 60 இடத்துக்குள் வந்தால்தான் அடுத்து நடக்கும் துரத்தல் போட்டிக்குள் நுழைய முடியும். 61ஆவது வந்தவருக்கு அந்த வாரம் அதோடு சரி. விடுதி வாடகை மட்டும் குறையாது. முதல் 40 பேருக்குத்தான் புள்ளி. வாராவாரம் இப்படி.

இப்போது நடு ஜனவரியில் ஒருவருக்குச் சளி பிடிக்கிறது என்று வையுங்கள். ஜெர்மனியின் ரூபோல்டிங்கில் ஓடும் உள்ளூர் ஆள் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். அந்த வாரப் போட்டியை விட்டுவிட்டு, உடம்பு தேறியதும் மலை உயரத்தில் பயிற்சி முகாம், பிப்ரவரி உலகச் சாம்பியன்ஷிப்புக்குத் தயார். சம்பளம் நின்றுவிடாது. அமெரிக்கருக்கு வீடு அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம். போய்வர டிக்கெட், துப்பாக்கிக்கான விமான அனுமதித் தாள்கள், நேர மாற்றக் களைப்பு. அதனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பக் கோட்டில் நிற்பார், ஏனென்றால் புள்ளி இல்லாவிட்டால் இரண்டாம் நிலைத் தொடரான ஐபியு (சர்வதேச பயத்லான் சங்கம்) கோப்பைக்கு இறக்கிவிடுவார்கள். ஓய்வெடுக்கிற உரிமையைத்தான் அந்தச் சம்பளம் வாங்கித் தருகிறது.

ஐந்தாம்குண்டு:
இருவரும் வீரரின் வயிற்றைப் பற்றியே பேசுகிறீர்கள், காலடியைப் பார்க்கவில்லை. நான் ஸ்கீ வேலை பார்த்த ஆள். ஸ்கீ நன்றாக வழுக்க அடியில் மெழுகு பூசுவார்கள்; பெரிய அணிகளுக்கு அதற்கென்றே லாரி தனியாக வரும். விடியும் முன்பே தொழில்நுட்பர்கள் பனியில் இறங்கி ஜோடி ஜோடியாகச் சறுக்கிப் பார்ப்பார்கள். இரண்டு பேர் அருகருகே ஒரே வேகத்தில் தொடங்கிச் சரிவில் சறுக்குவார்கள், எது முன்னே போகிறதோ அது அடுத்த சுற்றுக்கு, மற்றது பைக்குள். 2023-24 பருவத்தில் ஃப்ளோரின் மெழுகைத் தடை செய்த பிறகு, ஸ்கீயின் அடிப்பரப்பில் கல்லால் இழைக்கும் நுண்ணிய கோடுகளுக்கு மதிப்பு கூடிவிட்டது. அந்த நாளின் பனிக்குப் பொருந்தும் கோடுள்ள ஸ்கீ கையில் இருக்க வேண்டுமானால் நிறைய ஜோடி வேண்டும், சோதிக்க ஆள் வேண்டும். சின்ன அணியில் வீரரே ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். சம்பளம் கொடுத்து, வழுக்காத ஸ்கீயில் ஏற்றி அனுப்பினால் என்ன லாபம்?

கல்கரிக்காரன்:
ஐந்தாம்குண்டு சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுடுமேடையில் பணம் தோற்றுப்போகும். வெற்றுப் பயிற்சி என்று ஒன்று உண்டு: விடுதி அறைச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி, குண்டில்லாத துப்பாக்கி, தோளில் வார். தூக்கு, மூச்சை விடு, விசையை அழுத்து, இறக்கு. மறுபடியும். செலவு பூஜ்யம். 50 மீட்டர் தள்ளி 45 மில்லிமீட்டர் வட்டம் படுத்துச் சுடுகிறவருக்கு, 115 மில்லிமீட்டர் நின்று சுடுகிறவருக்கு. நாடித்துடிப்பு எகிறிக் கிடக்கும்போது அதை அடிப்பதற்கு எந்த அரசும் சம்பளம் கொடுத்து உதவ முடியாது.

மியூனிக் மணி:
செலவு பூஜ்யம், நேரம்? பகலில் கடையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் எத்தனை மணிக்குச் சுவரைப் பார்ப்பார்? குண்டும் சும்மா வராது. குளிரில் எந்தத் தொகுதிக் குண்டு தன் துப்பாக்கிக்கு ஒத்துவருகிறது என்று சோதித்து மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்.

கல்கரிக்காரன்:
சரி, அப்படியானால் இப்படிக் கேட்கிறேன். சின்ன அணியிடம் இந்த ஜனவரியில் ஓர் ஆளுக்கான பணம்தான் இருக்கிறது. மணி அதை வீரருக்குச் சம்பளமாகக் கொடுப்பார், ஐந்தாம்குண்டு மெழுகுக்காரரை எடுப்பார். நான் அந்த அணியில் அடுத்து வரும் இளையவரை ஐபியு கோப்பைக்கு அனுப்புவேன். ஒரு நாட்டுக்கு உலகக் கோப்பையில் எத்தனை பேர் ஓடலாம் என்பதை அந்த நாட்டு வீரர்கள் சேர்க்கும் 'நாடுகள் கோப்பை'ப் புள்ளிதானே தீர்மானிக்கிறது? இரண்டு மூத்தவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால், அவர்கள் விலகும் வருடத்தில் அந்தப் புள்ளியை யார் சேர்ப்பது?

ஐந்தாம்குண்டு:
அந்த இளையவருக்கும் ஸ்கீ யார் தயார் செய்வார்?