கழிமுகத்துக்கு மாணவர்களைக் கூட்டிப் போனவர்கள் அனுபவம் எழுதுங்கள்

எர்ணாவூர் டீச்சர்:
எட்டாம் வகுப்பு, எண்ணூர் கழிமுகம், தண்ணி வத்துற நேரம். ஒரு பையன் மட்டிச் சிப்பின்னு நினைச்சு கொத்தா அள்ளிட்டான். வகுப்பில் வாயே திறக்காத குப்பத்துப் பொண்ணு, "டேய், அது காக்கா ஆழிடா! தண்ணில திரும்பப் போடாத, கரையில ஏத்து" என்று கத்தினாள். தென் அமெரிக்கச் சிப்பி அது. தரை முழுக்க ஒட்டிப் படர்ந்துவிட்டால் மஞ்ச மட்டிக்கும் இறாலுக்கும் சேற்றில் இடமே இருக்காது. அதற்கப்புறம் எல்லாரும் அவள் பின்னால்தான் போனார்கள். அந்தக் குரல் இன்னும் காதிலேயே நிற்கிறது.

தண்டையார்பேட்டை சுற்றுச்சூழல் மன்றம்:
அருமை டீச்சர். குப்பை பொறுக்கும் கையுறை, பேனர், உறுதிமொழி எல்லாம் விட்டுவிட்டு தண்ணீரில் உள்ள உப்பை அளக்கச் சொல்லுங்கள். கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். மறுநாள் அதே நிலை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். அதனால் 'சனிக்கிழமை காலை 10 மணி' என்று நிரந்தரமாக வைத்தால் ஒரு வாரம் சேறு, ஒரு வாரம் வெள்ளம். ஒரே இடத்தில் ஏற்றம், வற்றம் இரண்டு வேளையும் 100 மி.லி. தண்ணீர் எடுத்து, வடிகட்டி, எடை பார்த்த தட்டில் வெயிலில் காயவிடுங்கள். கடல் நீர் என்றால் 3.5 கிராம் அளவில் உப்பு நிற்கும். வடிகட்டாவிட்டால் சேறும் எடையில் சேரும். அடுப்பில் கொதிக்கவிட்டால் கடைசியில் உப்பு தெறித்துப் போகும். தராசு 0.1 கிராம் காட்ட வேண்டும். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே எழுத வையுங்கள். தவறிய கணிப்பை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கும் பிள்ளைதான் நேர்மை கற்றுக்கொள்கிறது.

காசிமேடு அக்கா:
தம்பி, குப்பை பொறுக்குறதை ஒரேயடியா ஒதுக்காதீங்க. அலை ஏறின கோட்டில் 10 மீட்டர் கயிறு போட்டு, அதுக்குள்ள கிடக்குறதை மட்டும் வகை பிரிக்கணும். ஈர மணலோட நிறுத்தா கணக்கு பொய், உலர்த்திட்டு நிறுக்கணும். வலைத் துண்டுதான் அதிகம்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆறாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி பால் கவர் வெட்டின முக்கோண மூலையை மட்டும் ஒரு கை நிறையப் பொறுக்கிக் காட்டினா. மூலையைத் துண்டா வெட்டாம ஓரத்தில் கீறி விடணும்னு அன்னிக்கு அவங்களே முடிவு பண்ணாங்க.

மணலி வாசகர்:
அலையாத்தி மர இலையில் உப்புப் படிகம் காட்ட மழை விட்ட மறுநாள் போகாதீர்கள், கழுவிப் போயிருக்கும். வறண்ட நாளில் 10 மடங்கு லென்ஸ் போதும். மற்ற ஊர்களில் இலையை நக்கிப் பார்ப்பார்கள். 2023 டிசம்பரில் எண்ணெய் படிந்த இடம் இது, இங்கே வேண்டாம்.