பொங்கல் விடுமுறையில் கொல்கத்தா: எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது?

கேள்வி (திருச்சியிலிருந்து)

பொங்கல் விடுமுறையில் குடும்பத்துடன் கொல்கத்தா செல்கிறோம். நானும் கணவரும், எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும், பன்னிரண்டு வயது மகனும் என நால்வர். ஜனவரி 13 முற்பகலில் கோரமண்டல் விரைவு வண்டியில் போய் இறங்கி, 16ஆம் தேதி இரவு ஹவுராவிலிருந்து சென்னை மெயிலில் திரும்புகிறோம். மாமியார் முட்டைகூடச் சேர்க்காத சைவம்; கணவரும் மகனும் மீனும் ஆட்டிறைச்சியும் விரும்பிச் சாப்பிடுபவர்கள். தட்சிணேசுவரமும் பேலூர் மடமும் மாமியாரின் நெடுநாள் ஆசை என்பதால் அவற்றை விட முடியாது. மற்றவை எல்லாம் எங்கள் வசதிதான்.

கிடைக்கும் பட்டியல்களில் உணவகப் பெயர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் எது எதற்கு அருகில், எந்த வேளைக்கு ஏற்றது என்று எவரும் சொல்லக் காணோம். மாமியாரை நான்கு நாளும் இட்லி தோசையிலேயே வைத்திருக்க எனக்கு மனமில்லை. வங்காளச் சமையலில் அவருக்கு என்ன இருக்கிறது? எந்தப் பகுதியில் தங்கினால் அலைச்சல் குறையும்?

மறுமொழி 1 (கொல்கத்தாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்)

உணவகப் பட்டியலை மூடி வைத்துவிட்டு முதலில் வரைபடத்தைப் பாருங்கள். கொல்கத்தா ஹூக்ளி ஆற்றை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் நகரம். 1984இல் நாட்டிலேயே முதலாவதாக ஓடத் தொடங்கிய அதன் மெட்ரோவும் அந்தத் திசையில்தான் செல்கிறது. ஆகவே ஒரு நாளை வடக்குக்கும் ஒரு நாளை நடுப்பகுதிக்கும் ஒரு நாளைத் தெற்குக்கும் ஒதுக்கி, அங்கங்கே கிடைப்பதை அங்கங்கே சாப்பிடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் மாலைப் போக்குவரத்திலேயே பாதி நாள் கரைந்துவிடும். எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட் பக்கம் தங்கினால் எல்லாத் திசைக்கும் நடுவில் இருப்பீர்கள்.

வடக்குக்கான நாளில் விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். மெட்ரோ தட்சிணேசுவரம் வரைக்கும் செல்கிறது. ராணி ராசமணி 1855இல் எழுப்பிய அந்தக் காளி கோயிலைத் தரிசித்துவிட்டு, அங்கிருந்தே படகில் ஆற்றைக் கடந்து பேலூர் மடத்துக்குப் போகலாம். முதியவர்களுக்குச் சாலைப் பயணத்தைவிட இதுவே இதமானது. இரண்டு இடங்களிலும் நண்பகலில் நடை சாத்திப் பிற்பகலில்தான் திறப்பார்கள் என்பதால், பதினோரு மணிக்குள் பேலூரில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வாடகைக் காரில் வடகொல்கத்தாவுக்குத் திரும்பி, ஹெதுவா அருகில் 1844 முதல் நடந்துவரும் கிரீஷ் சந்திர தே – நகூர் சந்திர நந்தி கடையில் பாலைத் திரித்துச் செய்யும் சந்தேஷ் என்ற இனிப்பை வாங்குங்கள். நீங்கள் செல்லும் பருவம் இதற்கென்றே அமைந்தது: ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் நொலேன் குர் என்ற வெல்லம் குளிர்காலத்தில் மட்டுமே வரும், அதில் செய்த சந்தேஷின் மணம் வேறெந்த மாதத்திலும் கிடைக்காது. பிறகு காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றிவிட்டு, 1918இல் தொடங்கிய பாரமவுண்ட் கடையில் இளநீர் சர்பத் அருந்தலாம். அருகிலுள்ள இந்தியன் காபி ஹவுஸுக்குப் போவது காபியின் சுவைக்காக அன்று, உயர்ந்த கூரையுடைய அந்தக் கூடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பதற்காக. ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

உங்கள் மாமியாருக்கு வங்காளத்தில் சைவ உணவு குறைவில்லை. வெங்காயம், பூண்டு இல்லாத சைவச் சமையல் அங்கே வீடுகளில் நுட்பமாக வளர்ந்திருக்கிறது. பாகற்காயுடன் பல காய்களைச் சேர்த்துச் செய்யும் சுக்தோ, கசகசா விழுதில் உருளைக்கிழங்கைப் புரட்டிய ஆலு பொஸ்தோ, பருப்பை அரைத்து வில்லைகளாக்கிப் பொரித்துக் குழம்பில் இடும் தோக்கார் டால்னா, காலையில் லுச்சி என்ற மைதா பூரியும் கடலைப்பருப்புக் கூட்டும் என்று நான்கு நாளும் மாற்றி மாற்றிச் சாப்பிடலாம். தெற்கே பாலிகஞ்சு பக்கத்தில் போஜொஹொரி மன்னா, சிக்ஸ் பாலிகஞ்ச் பிளேஸ் ஆகிய இரண்டு உணவகங்களும் இவற்றை நன்றாகச் செய்கின்றன. ஒரே மேசையில் உங்கள் கணவருக்கு மீனும் கிடைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வாழைப்பூக் கறியில் இறாலும், பருப்பிலும் முட்டைக்கோசிலும் மீன் தலையும் சேர்க்கும் வழக்கம் உண்டு. பெயரை மட்டும் பார்த்துச் சைவம் என்று முடிவு செய்யாமல், ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டே சொல்லுங்கள். கடுகெண்ணெய் வாசனை முதல் வேளையில் அவருக்குப் புதிதாகத் தெரியலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னவை எல்லாம் சரி. தங்குமிடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். முதியவர் உடன் வரும்போது எஸ்பிளனேட்டின் நெரிசலைவிடக் காளிகாட் மெட்ரோவை ஒட்டிய பகுதியே நல்லது. லேக் மார்க்கெட் நடந்துபோகும் தூரம். தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் அந்தப் பகுதியில் வாழையிலை, பூச்சரம், காபித்தூள் எல்லாம் கிடைக்கும். பொங்கலன்று காலையில் மாமியாருக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும். ராஷ்பிஹாரி அவென்யூவிலேயே தென்னிந்திய உணவகங்கள் உண்டு என்பதால் அவருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாத ஒரு வேளையையும் சமாளிக்கலாம்.

உங்கள் கணவருக்கும் மகனுக்கும்: கொல்கத்தா பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு இருக்கும். அவத் நவாப் வாஜித் அலி ஷா ஆட்சியை இழந்து 1856இல் கொல்கத்தாவின் மெட்டியாபுரூஜில் வந்து தங்கியதிலிருந்து வளர்ந்த சமையல் இது. நம் ஊர்க் காரத்தை எதிர்பார்க்காமல் மணத்துக்காகச் சாப்பிட வேண்டும். பார்க் சர்க்கஸில் அர்சலான், நியூ மார்க்கெட் அருகில் அமீனியா, அதே பக்கத்தில் பரோட்டாவில் கபாபைச் சுருட்டித் தரும் காட்டி ரோலுக்கு நிஜாம்ஸ். மீனில் ஹில்சாவைத் தேடிப் போக வேண்டாம். அது மழைக்காலத்து மீன். ஜனவரியில் வருவது பெரும்பாலும் பனிக்கட்டியில் வைத்திருந்தது. கடுகு விழுது தடவி வாழையிலையில் பொதிந்து வேகவைத்த பேட்கி பாதுரியைக் கேளுங்கள்.

நடுப்பகுதிக்கான நாள் திங்கட்கிழமையாக அமையாமல் பாருங்கள். விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடங்களும், 1814இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகமும் அன்று மூடியிருக்கும். பார்க் ஸ்ட்ரீட்டில் பீட்டர் கேட் உணவகத்தில், சோற்றுடன் கபாப் பரிமாறும் செலோ கபாபுக்கு வரிசை நீளும். கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது.

மறுமொழி 3

தேதிகளைக் கவனித்தீர்களா? மகர சங்கராந்தியன்று, கங்கை கடலில் கலக்கும் கங்காசாகரில் நீராட நாடெங்கிலுமிருந்து வரும் யாத்திரிகர்கள் அந்த வாரம் முழுவதும் கொல்கத்தாவின் பாபுகாட் படித்துறைப் பகுதியில் தங்கிச் செல்வார்கள். அறையை இப்போதே பதிவு செய்யுங்கள். 13, 14 தேதிகளில் அந்தப் படித்துறைப் பக்கம் மாலை நடைக்குத் திட்டமிடாதீர்கள். இன்னொரு நல்ல செய்தி, அதே நாளில் வங்காளிகளுக்குப் பௌஷ சங்கராந்தி. அரிசி மாவில் தேங்காயும் வெல்லமும் பொதிந்த பாட்டிஷாப்டா, பிட்டே வகைகள் அப்போது இனிப்புக் கடைகளில் கிடைக்கும். பவானிப்பூரில் 1885 முதல் உள்ள பலராம் மல்லிக் கடையில் கேட்டுப் பாருங்கள். காளிகாட்டில் தங்கினால் அதுவும் அருகில்தான்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. காளிகாட்டிலேயே அறை பார்க்கிறோம். 13ஆம் தேதி ஓய்வும் லேக் மார்க்கெட்டும், 14 தெற்கு, 15 தட்சிணேசுவரமும் வடக்கும், 16 நடுப்பகுதி என்று வைத்துக்கொண்டோம். வந்து இறங்கும்போதும் கடைசி இரவிலும் பெட்டிகளுடன் மெட்ரோவில் போக முடியுமா?

மறுமொழி 1

வரும்போது முடியாது. கோரமண்டல் இப்போது ஹவுராவுக்குச் செல்லாமல் ஷாலிமாரிலேயே நின்றுவிடுகிறது. அங்கே மெட்ரோ இல்லை. வாடகைக் காரில் வித்யாசாகர் பாலம் வழியாகக் காளிகாட்டுக்கு வந்துவிடலாம். திரும்பும்போது ஆற்றுக்கு அடியில் செல்லும் மெட்ரோ ஹவுரா வரை இருக்கிறது என்றாலும், எஸ்பிளனேட்டில் வண்டி மாறப் படிகளும் நடையும் அதிகம். இரவு பத்து மணியளவில் சேவையும் ஓய்ந்துவிடும். ஆகவே மகனை 16ஆம் தேதி பகலில் ஒருமுறை பெட்டியில்லாமல் அதில் ஹவுரா வரை அழைத்துப் போய் வாருங்கள். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, ஒன்பது மணிக்குள் காரில் நிலையத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.